செயிண்ட் ஹெலினாவிலிருந்து அசென்ஷன் தீவுக்கு: 1,301 கிலோமீட்டர், இரண்டு மணி நேரம், ஒரு மாதம்

கேள்வி இது: "தென் அட்லாண்டிக் கடலில் இருக்கும் செயிண்ட் ஹெலினா விமான நிலையத்துக்கும் அசென்ஷன் தீவு விமான நிலையத்துக்கும் இடையே எவ்வளவு தூரம், எவ்வளவு நேரம்? தூரம் கணக்கிடும் தளம் ஒன்று 1,301 கிலோமீட்டர், 2 மணி 8 நிமிடம் என்று காட்டுகிறது. ஆனால் அடுத்த வாரம் போக டிக்கெட் தேடினால் ஒன்றுமே வரவில்லை. அந்தக் கணக்கை நம்பலாமா?"

நம்பலாம். தூரம் சரி, நேரமும் கிட்டத்தட்ட சரி. ஆனால் அந்த இரண்டு எண்களை மட்டும் கையில் வைத்துக்கொண்டு பயணத்துக்குக் கிளம்பிவிட முடியாது. விமானப் பயணத் திட்டம் போடுவது என் தொழில் என்பதால், அந்த எண்கள் எங்கிருந்து வருகின்றன, எந்த இடத்தில் அவை உதவாமல் போகின்றன என்று கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதலில் தூரம். இதை நீங்களே காகிதத்தில் போட்டுப் பார்க்கலாம். செயிண்ட் ஹெலினா விமான நிலையம் தெற்கு அட்சரேகை 15.96 டிகிரியிலும் மேற்கு தீர்க்கரேகை 5.65 டிகிரியிலும் இருக்கிறது. அசென்ஷன் விமான நிலையம் தெற்கு 7.97, மேற்கு 14.40. அட்சரேகை வித்தியாசம் 7.99 டிகிரி. ஒரு டிகிரிக்கு 111.2 கிலோமீட்டர் என்று வைத்தால், வடக்கே 888 கிலோமீட்டர் போக வேண்டும். தீர்க்கரேகை வித்தியாசம் 8.75 டிகிரி. அதையும் 111.2 ஆல் பெருக்கினால் 973. ஆனால் நிலநடுக்கோட்டிலிருந்து விலக விலகத் தீர்க்கரேகைகள் ஒன்றை ஒன்று நெருங்குகின்றன. இரண்டு ஊருக்கும் நடுவிலுள்ள அட்சரேகை 12 டிகிரி. அதன் கொசைன் 0.978. அதால் பெருக்கினால் மேற்கே 952 கிலோமீட்டர். அப்புறம் பள்ளிக்கூடத்தில் படித்த பிதாகரஸ்: 888இன் வர்க்கமும் 952இன் வர்க்கமும் சேர்ந்த தொகைக்கு வர்க்கமூலம் எடுத்தால் 1,302. தளம் காட்டியதற்கும் இதற்கும் ஒரே ஒரு கிலோமீட்டர்தான் வித்தியாசம்.

பூமி உருண்டையாயிற்றே, தட்டையான முக்கோணக் கணக்கு எப்படிச் சரிப்படும் என்று கேட்கலாம். நிலநடுக்கோட்டுக்குப் பக்கத்தில், இவ்வளவு குறைந்த தூரத்தில், பெரிய வித்தியாசம் வராது. பத்தாயிரம் கிலோமீட்டர் போகிற பாதைக்கு இதே முறையைப் போட்டால் நூற்றுக்கணக்கில் தப்பும். அங்கே உருண்டையின் மேல் நூலை இழுத்துப் பிடித்தால் எந்த வழியாகப் போகுமோ அந்தப் பெருவட்டப் பாதையைத்தான் கணக்கிட வேண்டும். இன்னொரு தளம் 1,296 என்றோ 1,299 என்றோ காட்டினால் குழம்ப வேண்டாம். ஒருவர் ஓடுபாதையின் நடுவிலிருந்து அளப்பார், இன்னொருவர் தீவின் நடுவிலிருந்து அளப்பார். ஒருவர் பூமியை முழு உருண்டையாகக் கொள்வார், இன்னொருவர் துருவங்களில் லேசாகத் தட்டையானது என்று கொள்வார். விமானிகள் கடல் மைல் கணக்கில் சொன்னால் 702. எல்லாம் ஒரே தூரம்தான்.

நேரத்துக்கு வருவோம். அந்த 2 மணி 8 நிமிடம் எங்கிருந்து வந்தது தெரியுமா? 1,301ஐ 800 ஆல் வகுத்தால் 1 மணி 38 நிமிடம். மேலே ஏற, இறங்க, தரையில் உருள என்று மொத்தமாக 30 நிமிடம் கூட்டினால் 2 மணி 8 நிமிடம். அவ்வளவுதான். எந்த விமானம் பறக்கிறது, எந்தத் திசையில் காற்று வீசுகிறது, அன்றைக்கு விமானம் இருக்கிறதா என்று அந்தக் கணக்குக்கு எதுவும் தெரியாது. உலகத்தில் எந்த இரண்டு புள்ளியைக் கொடுத்தாலும் அது ஒரு நேரத்தைச் சொல்லிவிடும்.

இங்கே உண்மையில் பறப்பது தென்னாப்பிரிக்காவின் ஏர்லிங்க் நிறுவனத்தின் எம்ப்ரேயர் 190. இரட்டை எஞ்சின் ஜெட், நூறு இருக்கை அளவு. மேலே நிலையாகப் பறக்கும்போது மணிக்கு 800 கிலோமீட்டருக்குச் சற்று மேலே போகும். ஆக, நிற்கும் விமானம் உருளாமல் இருக்கச் சக்கரத்துக்கு வைக்கும் தடையை எடுப்பதிலிருந்து மறுபடி வைப்பது வரைக்கும், நாங்கள் பிளாக் டைம் என்று சொல்வது, சுமார் இரண்டு மணி நேரம்.

காற்றைச் சேர்த்துப் பாருங்கள். ஒரு கணக்குக்கு, பின்காற்று மணிக்கு 60 கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். போகும்போது தரைவேகம் 860, நேரம் 91 நிமிடம். திரும்பும்போது அதே காற்று எதிரே வந்தால் வேகம் 740, நேரம் 105 நிமிடம். மொத்தம் 196. காற்றே இல்லாவிட்டால் 195. போகிற வழியில் மிச்சமானது வருகிற வழியில் செலவாகி, மேற்கொண்டு ஒரு நிமிடமும் போய்விடுகிறது. எதிர்க்காற்றில் விமானம் கூடுதல் நேரம் இருக்க வேண்டியிருப்பதால்தான் இப்படி. இதைப் புரிந்துகொண்டவர்கள் "போகும்போது சீக்கிரம் போனோமே, வரும்போது ஏன் இவ்வளவு நேரம்" என்று விமானப் பணியாளரைக் கேட்க மாட்டார்கள்.

வரைபடத்தில் தெரியாத இன்னொன்றும் உண்டு. இரண்டு தீவுகளிலும் கீழ்மட்டத்தில் வருடம் முழுக்கத் தென்கிழக்கு வியாபாரக் காற்றுதான். விமானம் காற்றை எதிர்த்துத்தான் ஏறவும் இறங்கவும் விரும்பும். செயிண்ட் ஹெலினாவிலிருந்து அசென்ஷன் வடமேற்கே இருக்கிறது. ஆனால் செயிண்ட் ஹெலினாவில் விமானம் பெரும்பாலும் தெற்கு நோக்கிக் கிளம்பும். கடலுக்கு மேல் போனபிறகு திரும்பி வடமேற்கைப் பிடிக்க வேண்டும். அசென்ஷன் ஓடுபாதை வடமேற்கு–தென்கிழக்காகக் கிடக்கிறது. நேராக வந்து அப்படியே இறங்கிவிடலாம் போலத் தோன்றும். ஆனால் காற்று முதுகுப் பக்கமிருந்து வருகிறது. ஆகவே தீவைத் தாண்டிப் போய், வளைந்து, தென்கிழக்கைப் பார்த்து இறங்க வேண்டும். திரும்பும்போது எல்லாம் தலைகீழ்: அசென்ஷனில் கிளம்பும் திசையே போக வேண்டிய திசை, செயிண்ட் ஹெலினாவை அடையும்போது இறங்க வேண்டிய பக்கத்திலிருந்தே வருகிறோம். இந்தச் சில நிமிடங்கள் எந்தத் தளத்தின் கணக்கிலும் இருக்காது.

இந்த செயிண்ட் ஹெலினா ஓடுபாதையைப் பற்றிக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும், ஏனென்றால் பயண நேரத்தை உண்மையில் தீர்மானிப்பது அதுதான்.

தீவு எரிமலைப் பாறை. சமதளம் என்று சொல்லிக்கொள்ள இடமே இல்லை. கிழக்கு ஓரத்தில் பிராஸ்பரஸ் பே என்ற மேட்டுநிலத்தில், கடல் மட்டத்துக்கு 310 மீட்டர் உயரத்தில் இடம் பிடித்தார்கள். அதற்கே டிரை கட் என்ற பள்ளத்தாக்கை ஏறத்தாழ 80 லட்சம் கன மீட்டர் பாறையும் மண்ணும் கொட்டி நிரப்ப வேண்டியிருந்தது. பிரிட்டன் அரசு செலவழித்தது 28.5 கோடி பவுண்ட். தீவின் மக்கள்தொகையோ 4,400 சுற்றுவட்டாரம். 2015 செப்டம்பரில் முதல் சிறு விமானம் இறங்கியது. 2016 ஏப்ரலில் ஒரு போயிங் 737-800ஐக் கொண்டுவந்து சோதித்தார்கள். அப்போதுதான் சிக்கல் வெளியே வந்தது.

வடக்கிலிருந்து, அதாவது காற்றை எதிர்த்து, இறங்க வரும்போது ஓடுபாதைக்கு முன்னால் செங்குத்துப் பாறைகளும் மலை முகடுகளும் இருக்கின்றன. தென்கிழக்கிலிருந்து வரும் காற்று அவற்றின் மேல் ஏறி, மறுபக்கம் சரிந்து, சுழன்று விழுகிறது. விமானம் மெதுவாக, தாழ்வாக, சக்கரத்தை இறக்கிவிட்டு வருகிற அந்தக் கடைசி நிமிடத்தில், எதிர்க்காற்று திடீரென்று குறையும், அல்லது திசை மாறும். இறக்கையின் மேல் ஓடும் காற்றின் வேகம் அந்த நொடியே குறைகிறது. விமானம் தொப்பென்று கீழே இழுக்கப்படுகிறது. இதற்குத்தான் விண்ட் ஷியர் என்று பெயர். உயரத்தில் நடந்தால் ஒரு குலுக்கலோடு போய்விடும். பாறை விளிம்புக்குச் சில பத்து மீட்டர் மேலே நடந்தால் மீள இடமில்லை. தெற்குப் பக்கத்திலிருந்து இறங்கலாம். அங்கே காற்று சீராக இருக்கும், ஆனால் அது பின்காற்று. பின்காற்றில் விமானம் வேகமாகத் தரையைத் தொடும், நிற்க நீண்ட ஓடுபாதை வேண்டும். இங்கே இருப்பதோ மொத்தமே சுமார் 1,950 மீட்டர்.

அதனால் 2016இல் நடக்க வேண்டிய திறப்பு தள்ளிப்போனது. சிறிய, சட்டென்று சமாளிக்கக்கூடிய எம்ப்ரேயர் 190ஐச் சோதித்துப் பார்த்து, 2017 அக்டோபர் 14 அன்றுதான் ஜோஹன்னஸ்பர்க்கிலிருந்து முறையான சேவை தொடங்கியது. எடையைக் கட்டுக்குள் வைக்க, தொடக்கத்தில் 76 பயணிகளுக்கு மேல் ஏற்றவில்லை. இடைப்பட்ட காலத்தில் இந்த விமான நிலையத்தைப் பத்திரிகைகள் பயனற்றது என்று எழுதின. எனக்கு அந்த வார்த்தை இன்றும் உறுத்துகிறது. நிலத்தை மாற்ற முடியாத இடத்தில் விமானத்தையும் முறையையும் மாற்றிக்கொண்டார்கள். இந்தத் தொழிலில் பாராட்ட வேண்டிய வேலை அது.

சரி, எரிபொருள். சாதாரண விமானப் பயணத்துக்கு நாங்கள் போடும் கணக்கு: போய்ச் சேர, இறங்க முடியாவிட்டால் பக்கத்து ஊருக்குப் போக, அதற்கு மேல் முப்பது நிமிடம் வானத்தில் சுற்ற. தனித்த தீவுக்குப் பக்கத்து ஊர் என்று எதுவும் இல்லை. அதனால் சர்வதேச விதிகளில் இப்படிப்பட்ட இடங்களுக்குத் தனி ஏற்பாடு உண்டு: ஜெட் விமானமாக இருந்தால், ஊருக்கு மேல் வந்தபிறகும் இரண்டு மணி நேரம் பறக்கும் அளவுக்கு எரிபொருள் இருக்க வேண்டும். இல்லையென்றால் போய்த் திரும்பிவரும் அளவுக்கு ஏற்றிக்கொள்ள வேண்டும். ஜோஹன்னஸ்பர்க்கிலிருந்து செயிண்ட் ஹெலினா ஏறக்குறைய 3,700 கிலோமீட்டர். போகும் வழியில் நமீபியாவின் வால்விஸ் பேயில் இறங்கி எரிபொருள் நிரப்புவது இதற்காகத்தான். அங்கிருந்து தீவு சுமார் 2,270 கிலோமீட்டர். மூடுபனியோ காற்றோ இறங்க விடாவிட்டால் திரும்பி வரலாம். அப்படித் திரும்பி வந்த விமானங்களும் உண்டு. பயணிகள் ஏழு மணி நேரம் பறந்து கிளம்பிய இடத்திலேயே இறங்குகிறார்கள்; கோபம் வரத்தான் செய்யும். ஆனால் திரும்பி வர எரிபொருள் இருந்தது என்பதே அந்தத் திட்டம் சரியாகப் போடப்பட்டதற்கு அடையாளம்.

இந்தத் தீவு எப்போதுமே வழியில் நின்று நிரப்பிக்கொள்ளும் இடமாகத்தான் இருந்திருக்கிறது. மதராஸிலிருந்தும் வங்காளத்திலிருந்தும் இங்கிலாந்து திரும்பிய கிழக்கிந்தியக் கம்பெனிக் கப்பல்கள் குடிதண்ணீர் பிடித்தது இங்கேதான். 1799இல் ஸ்ரீரங்கப்பட்டண முற்றுகையில் இருந்து, திப்பு சுல்தானோடு நடந்த போரைப் பற்றிப் புத்தகம் எழுதிய அலெக்ஸாண்டர் பீட்சன், 1808 முதல் 1813 வரை இங்கே ஆளுநர். அவர் போனபிறகு வந்த கைதிதான் நெப்போலியன். நெப்போலியனை யாரும் மீட்டுப் போய்விடக் கூடாது என்பதற்காகவே 1815இல் பிரிட்டன் அசென்ஷனில் படை வைத்தது. இந்த இரண்டு தீவுகளின் தொடர்பு அங்கிருந்து தொடங்குகிறது.

அசென்ஷனின் ஓடுபாதை முற்றிலும் வேறு கதை. அதன் பெயர் வைட்அவேக். அங்கே கூட்டங்கூட்டமாகக் கூடுகட்டும் ஒரு கடல் ஆலாவின் பெயர் அது. இரவெல்லாம் கத்தித் தூங்கவிடாத பறவை. 1942இல் அமெரிக்க ராணுவப் பொறியாளர்கள் சில மாதங்களில் இந்த ஓடுபாதையைப் போட்டார்கள். பிரேசிலிலிருந்து ஆப்பிரிக்காவுக்குப் போர் விமானங்களைப் பறக்கவிட நடுக்கடலில் ஒரு படிக்கட்டு தேவைப்பட்டது. திசைகாட்டியையும் நட்சத்திரங்களையும் மட்டும் நம்பி வந்த அந்த விமானிகளிடையே ஒரு சொலவடை உண்டு: தவறிப்போனால் அசென்ஷன், மனைவிக்குத்தான் பென்ஷன். ஆங்கிலத்திலும் அந்த எதுகைதான். ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் பறந்து, சில கிலோமீட்டர் அகலமுள்ள ஒரு கரும்பாறையைக் கண்டுபிடிக்க வேண்டும். இரண்டு டிகிரி தப்பினால் ஆயிரம் கிலோமீட்டரில் 35 கிலோமீட்டர் விலகிவிடுவோம். இன்றைக்கு செயற்கைக்கோள் வழிகாட்டியிருப்பதால் அந்தப் பயம் இல்லை.

இந்த ஓடுபாதை 3,000 மீட்டருக்கும் நீளம். விண்வெளி ஓடத்துக்கு அவசர இறங்குதளமாகக்கூடக் குறித்து வைத்திருந்தார்கள். ஆனால் 2017 ஏப்ரலில் தளம் பெயர்ந்து குழிவிழுந்து, பிரிட்டன் விமானப்படையின் பெரிய விமானங்கள் வருவது நின்றுபோனது. இங்கிலாந்திலிருந்து தென் அட்லாண்டிக்கின் பாக்லாந்து தீவுகளுக்குப் போகும் வழியில் அவை இங்கே நின்றுதான் போகும். தீவுக்காரர்களுக்கு வெளியுலக வாசலே அதுதான். 2023இல் பழுதுபார்ப்பு முடியும் வரை, பொதுமக்கள் நம்பியிருந்தது செயிண்ட் ஹெலினாவிலிருந்து வரும் அந்த எம்ப்ரேயரைத்தான். நீளமான ஓடுபாதை மூடிக் கிடக்க, குட்டையான ஓடுபாதையிலிருந்து வந்த சின்ன விமானம் அவர்களைத் தாங்கியது.

நடுக்கடலில் ஏதாவது ஆனால் என்ன செய்வது? செயிண்ட் ஹெலினாவிலிருந்து எவ்வளவு தூரம் போனபிறகு, திரும்புவதைவிட முன்னே போவது சீக்கிரம் ஆகும்? அந்த இடத்துக்குச் சம நேரப் புள்ளி என்று பெயர். தூரத்தைத் திரும்பும் வேகத்தால் பெருக்கி, இரண்டு வேகங்களின் கூட்டுத்தொகையால் வகுக்க வேண்டும். மேலே சொன்ன காற்றையே எடுத்துக்கொண்டால், 1,300ஐ 740ஆல் பெருக்கி 1,600 ஆல் வகுத்தால் 601 கிலோமீட்டர். பாதித் தூரம் 650. ஆனால் புள்ளி அதற்கு முன்னாலேயே வந்துவிடுகிறது, ஏனென்றால் திரும்பினால் எதிர்க்காற்று. அந்த இடத்திலிருந்து எந்தப் பக்கம் போனாலும் 49 நிமிடம். ஒரு எஞ்சின் நின்று வேகம் 700 என்று குறைந்தால்கூட, காற்றில்லாத நாளில் நடுப்புள்ளியிலிருந்து 56 நிமிடம்தான். இரட்டை எஞ்சின் விமானம் ஏதாவது ஒரு விமான நிலையத்திலிருந்து 60 நிமிடத் தூரத்துக்கு மேல் விலகிப் போக வேண்டுமானால் ஈட்டாப்ஸ் என்ற தனி அனுமதி வேண்டும். வால்விஸ் பே பாதைக்கு அது அவசியம். அங்கே நடுப்புள்ளியே ஒன்றரை மணி நேரத்துக்கு மேல். அசென்ஷன் பாதை எல்லைக்குச் சற்று உள்ளே வருகிறது. அதுவும் இரண்டு தீவிலும் வானிலை ஒத்துழைத்தால்.

இப்போது உங்கள் டிக்கெட் விஷயம். 2017 நவம்பரில் தொடங்கிய அசென்ஷன் சேவை மாதத்துக்கு ஒரே ஒரு முறை. ஜோஹன்னஸ்பர்க்கிலிருந்து சனிக்கிழமை செயிண்ட் ஹெலினா வரும் விமானம், அந்த ஒரு வாரம் மட்டும் அசென்ஷன் வரை போய், இரவு தங்கி, ஞாயிறு திரும்புகிறது. அடுத்த வாரத்துக்குத் தேடினால் எதுவும் வராததற்குக் காரணம் இதுதான். அசென்ஷனில் இறங்கி ஓர் இரவு தங்கித் திரும்பலாம்; இல்லாவிட்டால் அடுத்த மாதம் வரை இருக்க வேண்டும். அதுவும் நினைத்தவுடன் போய் இறங்கிவிட முடியாது. அசென்ஷனில் நிரந்தரக் குடிமக்கள் என்று யாரும் இல்லை. சுமார் 800 பேர், எல்லாரும் வேலை நிமித்தம் இருப்பவர்களும் அவர்கள் குடும்பமும்தான். நுழைவு அனுமதியை முன்கூட்டியே வாங்கியாக வேண்டும்.

அந்த 800 பேரில் பெரும்பகுதி செயிண்ட் ஹெலினாவிலிருந்து வேலைக்குப் போனவர்கள். தங்களை அவர்கள் செயிண்ட்ஸ் என்றே அழைத்துக்கொள்கிறார்கள். அப்பா அசென்ஷனில், பிள்ளைகள் செயிண்ட் ஹெலினாவில் தாத்தா பாட்டியிடம் என்று பல தலைமுறைகள் இருந்திருக்கின்றன. 2018 பிப்ரவரியில் ஓய்வுபெற்ற ஆர்எம்எஸ் செயிண்ட் ஹெலினா என்ற அஞ்சல் கப்பல்தான் அதுவரை அவர்களுக்கு ஒரே வழியாக இருந்தது. கேப் டவுனிலிருந்து ஐந்து இரவு, அசென்ஷனுக்கு இரண்டு நாளுக்கு மேல். வீட்டில் ஒரு சாவு என்றால், கப்பல் எங்கே நிற்கிறது என்பதைப் பொறுத்துத்தான் வர முடிந்தது. இரண்டு நாள் இரண்டு மணி நேரமாகச் சுருங்கியது பெரிய விஷயம்தான். ஆனால் கடைசி விமானம் போய் இரண்டு நாள் கழித்து அம்மா படுத்த படுக்கையானால், 1,301 கிலோமீட்டர் தள்ளி இருக்கும் மகன் நான்கு வாரம் காத்திருக்க வேண்டும். என் மேசையில் தூரத்தையும் நேரத்தையும் கூட்டிப் போடும்போதெல்லாம் எனக்கு நினைவுக்கு வருவது அந்தக் காத்திருப்புதான்.

நீங்கள் போவதாக இருந்தால் இப்படிச் செய்யுங்கள். முதலில் அந்த மாதாந்தர விமானத்தின் தேதியை ஏர்லிங்க் அட்டவணையில் பாருங்கள், அட்டவணை மாறக்கூடியது. அந்தத் தேதியை வைத்துப் பின்னோக்கி ஜோஹன்னஸ்பர்க் பயணத்தைப் போடுங்கள். அனுமதி கைக்கு வந்தபிறகு டிக்கெட். அவசர மருத்துவத்துக்கு விமானத்தில் ஏற்றிச் செல்லும் செலவையும் ஏற்கும் காப்பீடு இரண்டு தீவுக்கும் வேண்டும். ஜோஹன்னஸ்பர்க்கில் திரும்பும் விமானத்தை அதே நாளில் வைக்காதீர்கள். செயிண்ட் ஹெலினாவில் மேகம் இறங்கி மேட்டுநிலத்தை மூடினால் ஒரு நாள், சில சமயம் அதற்கு மேலும் தாமதமாகும். கடிகாரத்தை மட்டும் ஜோஹன்னஸ்பர்க்கிலிருந்து வரும்போது ஒருமுறை இரண்டு மணி நேரம் பின்னே தள்ளினால் போதும். செயிண்ட் ஹெலினா, அசென்ஷன் இரண்டுக்கும் வருடம் முழுக்க ஒரே கிரீன்விச் நேரம்.